ஹாஸ்டலில் வேலை, பதிலுக்குக் கட்டில்: போய் வந்தவர்கள் உள்ளபடி சொல்லுங்கள்

கிளைப்பாதை

வணக்கம். மூன்று மாத விடுப்பு கிடைத்திருக்கிறது. தெற்கு ஐரோப்பாவில் ஒரு மாதமாவது ஒரே ஊரில் தங்கிப் பார்க்க ஆசை. தங்கும் செலவைக் கணக்குப் போட்டால்தான் ஆசை அடங்கிவிடுகிறது. வொர்க்கவே தளத்தில் தேடியபோது போர்ச்சுகலின் லிஸ்பனில் பயணிகள் தங்கும் ஒரு ஹாஸ்டல் கண்ணில் பட்டது. வாரம் 25 மணி நேரம் உதவ வேண்டும். பதிலுக்கு டார்மில், அதாவது பலர் சேர்ந்து படுக்கும் அறையில், ஒரு கட்டில், காலை உணவு. செய்தி அனுப்பிய மறுநாளே "கிளம்பி வா" என்று பதில் வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக முடிவதுதான் உறுத்துகிறது. விசாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். "சுற்றுலா என்று போடு, எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்" என்கிறார் ஹோஸ்ட். நம்பலாமா?

மேல்கட்டில்

மூன்று ஹாஸ்டல்களில் இப்படி இருந்திருக்கிறேன். இரண்டு நல்ல அனுபவம், ஒன்று சுமார். முதலில் வேலை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் "ரிசப்ஷனில் உதவி, விருந்தினர்களோடு கலகலப்பாகப் பழகுவது" என்று இருக்கும். கையில் கிடைப்பது பெட்ஷீட்.

பெரும்பாலான ஹாஸ்டல்களில் செக்-அவுட் காலை பத்து அல்லது பதினொன்று. செக்-இன் மதியம் இரண்டு அல்லது மூன்று. நடுவில் இருக்கும் அந்த மூன்று நான்கு மணி நேரத்தில்தான் மொத்த ஹாஸ்டலும் புதிதாக வேண்டும். வாலண்டியர்களின் ஷிப்ட் ஏன் எப்போதும் வெயில் நன்றாக இருக்கும் நேரத்திலேயே விழுகிறது என்பதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. முப்பது கட்டில் காலியானால் முப்பது விரிப்பை உருவி, முப்பதைப் போட வேண்டும். ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த விரிப்பை மேல்கட்டிலில் போடுவது தனிக்கலை. சுவர்ப் பக்கத்து மூலைகளை முதலில் மாட்டிவிட்டுத்தான் ஏணிப் பக்கம் வர வேண்டும். மாற்றிச் செய்தால் மறுபடி ஏற வேண்டும். முதல் வாரம் முழுவதும் நான் மாற்றித்தான் செய்தேன்.

மெத்தையின் தையலோரம் கறுப்புப் புள்ளி தெரிகிறதா என்று பார்க்கவும் கற்றுக்கொள்வீர்கள். மூட்டைப்பூச்சி. தெரிந்தால் துணியை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பார்கள், அறையையே மூடிவிடுவார்கள். அந்த வேலையை வாலண்டியர் தலையில் கட்டும் இடமாக இருந்தால் அன்றைக்கே பையைக் கட்டிவிடுங்கள்.

மற்றபடி எனக்குப் பிடித்திருந்தது. ஒரு ஊரில் ஐந்து வாரம் இருந்தால் ரொட்டிக்கடைக்காரர் முகம் பார்த்ததும் புரிந்துகொள்வார். ஓட்டலில் காசு கொடுத்துத் தங்கியிருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது.

சட்டப்புள்ளி

ஹோஸ்ட் சொன்ன "எல்லாரும் அப்படித்தான்" என்பது உண்மையாகவே இருக்கலாம். மாட்டிக்கொண்டால் திருப்பி அனுப்பப்படுவது எல்லாரும் அல்ல, நீங்கள் ஒருவர்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"சம்பளம் வாங்கவில்லை, அதனால் அது வேலை இல்லை" என்பதுதான் பலரும் போடும் கணக்கு. பல நாடுகளின் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நியூசிலாந்தில் பணத்தால் மதிப்பிடக்கூடிய எந்தப் பலனும் ஊதியம்தான். தங்குமிடமும் சாப்பாடும் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் வழக்கமாக ஊதியம் கிடைக்கும் எந்தச் செயலும் வேலை. கட்டில் விரிப்பதற்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பது வழக்கம்தானே? கனடாவில் இன்னொரு படி கூட. கூலியே இல்லாவிட்டாலும், உள்ளூர்க்காரருக்குப் போக வேண்டிய வேலையோடு நேரடியாகப் போட்டி போடும் செயல் என்றால் அது வேலை. பிரிட்டனில் பார்வையாளராக வந்தவர் தொண்டு செய்யலாம், ஆனால் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு மட்டும், அதுவும் மொத்தம் 30 நாள். லாபத்துக்கு நடக்கும் ஹாஸ்டல் அதற்குள் வராது. அமெரிக்கச் சுற்றுலா விசாவிலும் தொண்டு என்றால் மத அமைப்பு அல்லது லாபநோக்கில்லாத அறநிறுவனத்துக்குச் செய்வது மட்டும்தான். அங்கே எல்லையில் கைபேசியை வாங்கிப் பார்க்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. உங்கள் வொர்க்கவே உரையாடல் அதில்தான் இருக்கும்.

ஷெங்கனுக்கு, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கு, வருவோம். குறுகியகால விசா தருவது தங்கும் உரிமை. வேலை செய்யும் உரிமையை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் தீர்மானிக்கிறது, சுற்றுலாப் பயணிக்குப் பொதுவாக அது கிடையாது. விண்ணப்பத்தில் எங்கே தங்குகிறீர்கள் என்பதற்குச் சான்று கேட்பார்கள். ஹாஸ்டலின் உண்மையான கடிதத்தை வைத்தால் "இது என்ன உதவி?" என்று கேள்வி வரும். பணம் கட்டாத போலி முன்பதிவை வைத்தால் அது பொய்ச்சான்று. இரண்டும் வேண்டாத வம்பு. இன்னொன்று: எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான், வரும் நாளும் போகும் நாளும் சேர்த்து. 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக விரல்ரேகையோடு மின்பதிவு தொடங்கிவிட்டது. இனி நாளை எண்ணுவது கணினி.

மேல்கட்டில்

@சட்டப்புள்ளி சொல்வதெல்லாம் சரி. ஆனால் நடைமுறையில் ஆயிரக்கணக்கானவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். படித்துவிட்டுப் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம்.

சட்டப்புள்ளி

உட்காரச் சொல்லவில்லை. எந்தக் கடவுச்சீட்டோடு போகிறோம் என்பதைப் பார்த்துப் போகச் சொல்கிறேன். விசா இல்லாமல் நுழையக்கூடிய கடவுச்சீட்டுக்காரர் திருப்பி அனுப்பப்பட்டால் ஒரு விமானச்சீட்டு நஷ்டம். ஒவ்வொரு நாட்டுக்கும் விசா கேட்க வேண்டிய கடவுச்சீட்டுக்காரருக்கு அந்த மறுப்பு அடுத்த எல்லா விண்ணப்பத்திலும் கூடவே வரும். "இதற்கு முன் மறுக்கப்பட்டதுண்டா?" என்ற கட்டத்தில் டிக் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பழையபை

தம்பிகளா, இந்தப் பண்டமாற்று ஒன்றும் நேற்று முளைத்தது அல்ல. 1971இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்ட் என்ற பெண்மணி, சனி ஞாயிறில் கிராமக் காற்று வேண்டும் என்று சசெக்ஸில் எமர்சன் கல்லூரிப் பண்ணைக்கு ஆட்களைத் திரட்டிப் போனார். உழைப்புக்குச் சாப்பாடும் படுக்கையும். அதுதான் வூஃப் இயக்கமாக வளர்ந்தது. ஹெல்ப்எக்ஸ் 2001, வொர்க்கவே 2002. இவையெல்லாம் அதே யோசனையைப் பண்ணையிலிருந்து ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் கொண்டுவந்தவை.

ஹாஸ்டலுக்கும் பழங்கதை உண்டு. ஜெர்மனியில் ரிஷார்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப்போகும்போது இரவில் ஒதுங்க இடமில்லாமல் தவித்து, 1912இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதியைத் திறந்தார். பழைய இளைஞர் விடுதிகளில் பணம் கட்டித் தங்கியவரும் காலையில் ஒரு வேலை செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பெருக்குவதோ பாத்திரம் கழுவுவதோ. நானே ஒரு மலையோர விடுதியில் படிக்கட்டைப் பெருக்கிவிட்டுத்தான் என் உறுப்பினர் அட்டையைத் திரும்ப வாங்கினேன். அங்கே யாரும் சுரண்டல் என்று பேசவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு.

ஒற்றைச்சாவி

ஐயா, நான் ஆறு வருடம் ஹாஸ்டல் மேலாளராக இருந்தவன். உங்கள் படிக்கட்டுக்கும் இப்போது நடப்பதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் பெருக்கிய விடுதி லாபத்துக்கு நடக்கவில்லை. எல்லாரும் பெருக்கினார்கள், எல்லாருக்கும் கட்டணம் குறைந்தது. இப்போது நூறு பேர் முழுக் காசு கட்டித் தூங்குகிறார்கள். ஆறு பேர் அவர்களுக்குக் கீழே பெருக்குகிறார்கள். மிச்சம் முதலாளிக்குப் போகிறது.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை. நாங்கள் ஏன் வாலண்டியர் எடுத்தோம்? டார்மில் எப்படியும் நாலைந்து கட்டில் காலியாகவே கிடக்கும். அதைக் கொடுப்பதால் எங்களுக்குச் செலவு அநேகமாகப் பூஜ்யம். அதை வைத்து ஒரு ஆளின் அரைநாள் உழைப்பு கிடைக்கிறது என்றால் எந்த முதலாளி விடுவார்? இன்னொரு லாபமும் உண்டு. பல நாட்டு மொழி பேசும், சிரித்த முகத்தோடு இருக்கும் பிள்ளைகள் இருந்தால் விருந்தினர் நல்ல ரிவியூ எழுதுகிறார்கள். சம்பளத்துக்கு வந்த ஆள் அந்தச் சிரிப்பைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை.

அதனால் ஒரு கணக்குப் போடுங்கள். அந்த ஹாஸ்டலில் ஏழு இரவுக்குக் கட்டில் வாடகை எவ்வளவு என்று முன்பதிவுத் தளத்தில் பாருங்கள். அதை 25ஆல் வகுங்கள். வருவது உங்கள் மணிக்கூலி. அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலியோடு வைத்துப் பார்த்தால் முகத்தில் அறையும். அதிலும் வேடிக்கை, சீசன் இல்லாத காலத்தில் வாடகை பாதியாகும், உங்கள் கூலியும் பாதியாகும், மணி நேரம் மட்டும் 25ஆகவே இருக்கும். சீசனில் கூலி ஏறும், ஆனால் 25 என்பது 35ஆகிவிடும்.

இரவுப்பணி

மேலே சொன்ன 35, என் விஷயத்தில் 48. கடற்கரை ஊர், ஊர் பெயர் வேண்டாம். விளம்பரத்தில் "வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஐந்து மணி". போனபின் தெரிந்தது, எனக்கு இரவு ஷிப்ட். பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை. "இரவில் வேலையே இருக்காது, தூங்கலாம், அதனால் பாதி நேரம்தான் கணக்கு" என்றார் மேலாளர். தூங்கவிட்டால்தானே! இரண்டு மணிக்குக் குடித்துவிட்டு வந்தவருக்கு லாக்கர் சாவி தொலைந்திருக்கும். மூன்று மணிக்கு எட்டுப் பேர் அறையில் ஒருவர் குறட்டை என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். நான்கு மணிக்கு விமானத்துக்குப் போகிறவர் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று கட்டுவார்.

அதைவிட மோசம், நான் பகலில் தூங்க வேண்டிய கட்டில் விருந்தினர் டார்மிலேயே இருந்தது. பதினொரு மணிக்கு மற்ற வாலண்டியர்கள் விரிப்பு மாற்ற வருவார்கள். என்னைச் சுற்றியே வாக்குவம் கிளீனர் ஓடும்.

ஒருநாள் கல்லாவில் பணம் குறைந்தது. ஷிப்ட் மாறும்போது எண்ணி எழுதும் பழக்கமே அங்கே இல்லை, ஆனால் இரவில் இருந்தவன் நான் என்பதால் என்னைத்தான் கேட்டார்கள். சம்பளமே இல்லாதவனிடம் சம்பளத்தில் பிடிக்க முடியாது, அதனால் காலை உணவை நிறுத்தினார்கள். கேட்க எங்கே போவேன்? சுற்றுலா விசாவில் இருப்பவன் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் "வேலை நேரம் அதிகம்" என்று புகார் கொடுப்பதா? நான் அங்கே வேலை செய்ததை நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். இந்த ஏற்பாட்டின் உண்மையான பூட்டு அங்கேதான் இருக்கிறது, மணி நேரத்தில் இல்லை.

கூத்து என்னவென்றால், ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலியில் தங்கும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரின் விவரத்தையும் விடுதி அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். தினமும் கடவுச்சீட்டுகளைப் பார்த்து அந்தப் பதிவைப் போட்டது நான். என் பெயரும் அதில் இருந்தது, விருந்தினர் என்று.

கிளைப்பாதை

@இரவுப்பணி படித்துவிட்டு நேற்று தூங்கவில்லை. சரி, ஒருவேளை போவதாகவே வைத்துக்கொள்வோம். ஹோஸ்டிடம் முன்கூட்டியே என்ன கேட்க வேண்டும்? மேல்கட்டில் அக்கா, நீங்கள் மூன்றில் இரண்டு நல்ல இடம் என்றீர்களே, எப்படிப் பிடித்தீர்கள்?

மேல்கட்டில்

பாதி அதிர்ஷ்டம். மீதி, கேட்ட கேள்வி.

"எங்கே தூங்குவேன்?" என்பதுதான் முதல் கேள்வி. வேலை என்ன என்று கேட்பதற்கும் முன்னால். ஊழியர் அறை தனியாக இருக்கிறதா, அதில் எத்தனை பேர், பெண்களுக்குத் தனியா, பூட்டும் லாக்கர் உண்டா. படம் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல ஹோஸ்ட் பத்து நிமிடத்தில் கைபேசியில் எடுத்து அனுப்பிவிடுவார். மழுப்புகிறவர் அந்த அறையைப் பார்த்து வெட்கப்படுகிறார் என்று பொருள்.

அப்புறம், இந்த வார ஷிப்ட் அட்டவணையை அப்படியே கேளுங்கள். அடுத்த மாதம் எப்படி இருக்கும் என்ற வாக்குறுதி வேண்டாம், இப்போது சுவரில் ஒட்டியிருப்பது வேண்டும். அதில் விடுமுறை நாள் இரண்டும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். செவ்வாய் ஒன்று வெள்ளி ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் பக்கத்து ஊருக்குக்கூடப் போக முடியாது. ஊர் பார்க்கத்தானே போகிறோம்!

ரிவியூக்களை நம்பும்போதும் ஒரு சூட்சுமம். நீ மோசமாக எழுதினால் ஹோஸ்டும் உன்னைப் பற்றி மோசமாக எழுதுவார், அடுத்த இடம் கிடைக்காது. அதனால் எல்லாரும் பூசி மெழுகித்தான் எழுதுவார்கள். "ஊர் அருமை, நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள்" என்று எழுதிவிட்டு ஹோஸ்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், அந்த இல்லாத வரியைத்தான் படிக்க வேண்டும். எழுதியவருக்கே தனியாகச் செய்தி அனுப்பினால் கொட்டித் தீர்ப்பார்கள்.

தனியாகப் போகும் பெண்களுக்கு: முதல் இரண்டு இரவுக்கு வேறு இடத்தில் காசு கொடுத்துப் படுக்கை போட்டுவிட்டு, பகலில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். பிடிக்காவிட்டால் அன்றே வெளியேறும் அளவுக்குக் கையில் பணம் இருக்கட்டும். "காசு இல்லை, அதனால்தான் வாலண்டியர்" என்று போகிறவரைத்தான் நெரிப்பார்கள்.

ஒற்றைச்சாவி

அக்கா சொன்ன கடைசி வரி மேலாளர் பக்கத்திலிருந்தும் உண்மை. வெளியேற முடியாத ஆளை எங்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

காப்பீடு பற்றி யாரும் பேசவில்லையே? ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், அது எல்லாரிடமும் இருக்கும். அந்தப் பாலிசியை முழுதாகப் படியுங்கள். பல பாலிசிகள் உடல் உழைப்பில் வரும் காயத்தை விலக்கிவைத்திருக்கும். ஈரமான குளியலறைத் தரையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்த பிள்ளையை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டபோது கையில் துடைப்பம் இருந்ததைச் சொல்வதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகுதான் அந்த வேலையை விடுவது பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

சட்டப்புள்ளி

முறையான வழிகளும் இருக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒர்க்கிங் ஹாலிடே விசா, அதாவது இளைஞர்கள் ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் செய்ய அனுமதிக்கும் விசா, கிடைக்கக்கூடிய கடவுச்சீட்டு என்றால் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஹாஸ்டல் வேலைக்கு விசாத் தடை இல்லை. ஆஸ்திரேலியாவில் இந்த விசாவின் 462 என்ற பிரிவில் சீனா, இந்தியா, வியட்நாம் கடவுச்சீட்டுக்காரர்களுக்குக் குலுக்கல் உண்டு. ஆனால் விசா சரி என்பதால் கூலி வேண்டாம் என்று ஆகிவிடாது, தொழிலாளர் சட்டம் தனி. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் ஆண்டும் இதே விசா வாங்க வேலை நாள் சேர்க்கிறேன் என்று சம்பளமில்லாமல் வேலை செய்தாலும் பயனில்லை. 2015 டிசம்பர் முதல் ஊதியம் பெற்ற வேலை மட்டுமே கணக்கு.

ஐரோப்பாவில் 18 முதல் 30 வயது வரை என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் இளைஞர் தொண்டுத் திட்டமான யூரோப்பியன் சாலிடாரிட்டி கோரைப் பாருங்கள். தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவு, காப்பீடு எல்லாம் திட்டமே தரும். எல்லா நாட்டவருக்கும் திறந்தது அல்ல, தகுதிப் பட்டியலை முதலில் பார்க்க வேண்டும்.

வெள்ளைவிரிப்பு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஹாஸ்டலில் தொண்டு என்ற சொல்லுக்கு உண்மையிலேயே பொருள் இருக்கும் ஒரு இடம் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஸ்பெயினில் சாந்தியாகோ யாத்திரைப் பாதை. வழிநெடுக ஆல்பெர்கே எனப்படும் யாத்ரீகர் விடுதிகள். அவற்றில் சில இன்றும் கட்டணம் கேட்பதில்லை. வாசலில் ஒரு பெட்டி, முடிந்ததைப் போடலாம். அந்த விடுதிகளை நடத்துவது ஒஸ்பிதலேரோ என்ற தொண்டர்கள். வழக்கமாகப் பதினைந்து நாள், மாதத்தின் முதல் பாதி அல்லது இரண்டாம் பாதி. யார் வேண்டுமானாலும் சேர முடியாது. முன்பே அந்தப் பாதையில் நடந்திருக்க வேண்டும், ஒரு பயிற்சி வகுப்புக்கும் போக வேண்டும்.

நான் இரண்டு முறை இருந்தேன். பெருக்கினேன், கழுவினேன், ஐம்பது பேருக்குச் சமைத்தேன், கொப்புளம் வந்த கால்களுக்கு மருந்து போட்டேன். வேலை நேரம் எண்ணினால் ஒற்றைச்சாவி மயங்கி விழுவார். ஆனால் அந்த உழைப்பிலிருந்து யாரும் லாபம் எடுக்கவில்லை. பெட்டியில் விழுந்தது மறுநாள் வருபவர்களின் சாப்பாட்டுக்குப் போனது. பழையபை ஐயா சொன்ன படிக்கட்டு இன்னும் இருக்கும் இடம் இது. இதற்கும் விசா விதி உண்டு, தூதரகத்தில் கேட்டுவிட்டுத்தான் போனேன்.

பழையபை

ஒற்றைச்சாவி சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். என் படிக்கட்டு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இளைஞர்கள் கையில் பணமில்லாமல் உலகம் பார்க்க இன்னொரு வழி என்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, உங்களிடமும் இல்லை.

இரவுப்பணி

இருக்கிறது ஐயா. குறைந்த நாள் போவது. நான் அடுத்த முறை பன்னிரண்டு நாள் போனேன், எல்லாவற்றுக்கும் காசு கொடுத்தேன், ஒவ்வொரு இரவும் தூங்கினேன்.

கிளைப்பாதை

நான்கு மாதம் கழித்து வருகிறேன். என்ன ஆயிற்று என்று கேட்டுத் தனியாக எழுதியவர்களுக்கும் சேர்த்து.

லிஸ்பன் ஹோஸ்டிடம் இரண்டே கேள்வி கேட்டேன். தூங்கும் அறையின் படம், இந்த வார அட்டவணை. படம் உடனே வந்தது, நல்ல அறைதான், ஜன்னல்கூட இருந்தது. அட்டவணை வரவில்லை. மறுபடி கேட்டேன். "இங்கே எல்லாரும் குடும்பம் மாதிரி, அட்டவணை எல்லாம் கிடையாது" என்றார். அங்கேயே விட்டுவிட்டேன்.

சுற்றுலா விசாவில், சுற்றுலாவாகவே, மூன்று வாரம் போய் வந்தேன். வெள்ளைவிரிப்பு அக்கா எழுதியது மனதில் இருந்ததால் அந்த யாத்திரைப் பாதையில் லொக்ரோனோ என்ற ஊரிலிருந்து நடந்தேன். மூன்றாம் நாள் கிரான்யோன் என்ற சின்ன ஊர். தேவாலயத்தோடு ஒட்டிய விடுதி, கட்டிலே கிடையாது, தரையில் மெத்தை. எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவ ஆள் கேட்டார்கள். கை தானாகவே மேலே போயிற்று. இடது பக்கம் ஒரு ஓய்வுபெற்ற செவிலியர், வலது பக்கம் பேச்சே புரியாத ஒருவர், அவர் துடைத்த தட்டையே நான் மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

மீதிப் பாதை பாக்கி இருக்கிறது. அதை முடித்துவிட்டுத்தான் அந்தப் பயிற்சி வகுப்புக்கு எழுத முடியும். அக்கா, வகுப்பு எத்தனை நாள், எந்த மொழியில் நடக்கும்? லிஸ்பன்காரர் நேற்றுகூட "எப்போது வருகிறாய்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார்.